அம்மாவின் குளிசைப் பட்டியல் யார் யார் கைக்குப் போகிறது?

சகோதரி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். இடுப்பெலும்பு முறிந்து 11 நாள் லண்டன் வைத்தியசாலையில் இருந்த அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறார். மறுநாள் காலை, கவுன்சில் (உள்ளூராட்சி சபை) ஏற்பாடு செய்த பராமரிப்புப் பெண் ஒருவர் வந்து, தன் கைப்பேசியைப் பார்த்துக் குளிசைகளைச் சரிபார்த்திருக்கிறார். அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் பெட்டியைக் கையில் எடுத்து, "இது மன அழுத்தத்துக்கான குளிசை, இரவில் கொடுக்க வேண்டும்" என்று உங்கள் முன்னாலேயே சொல்லியிருக்கிறார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். உங்களுக்கு அதுவரை அப்படி ஒரு விடயமே தெரியாது. பதறிப்போய் ஜி.பி.யின் (குடும்ப வைத்தியரின்) அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தால், "உங்களோடு இதைப் பற்றிப் பேச முடியாது" என்று வைத்துவிட்டார்கள். "யாரைக் கேட்டு அம்மாவின் விபரங்களை வெளியாருக்குக் கொடுத்தார்கள்?" என்பது நீங்கள் எழுதிய கேள்வி. அதற்குள்ளே இன்னொரு கேள்வியும் இருக்கிறது: நேற்று வந்த ஒருவருக்குத் தெரியலாம், பெற்ற மகளுக்குத் தெரியக்கூடாதா? வலி இருப்பது இரண்டாவது கேள்வியில்தான். இரண்டுக்கும் பதில் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. லண்டன் வைத்தியசாலை ஒன்றில் 19 வருடம் வேலை செய்தேன். முதல் ஆறு வருடம் நோயாளர் கோப்புகள் இருக்கும் அறையில், மிகுதிக் காலம் நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பி வைக்கும் பிரிவில். நான் சட்டத்தரணியும் அல்ல, வைத்தியரும் அல்ல. இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும் பொருந்தும். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் ஏற்பாடுகள் வேறு.

முதலில் அந்தத் தகவல் எந்த வழியாக நடந்து வந்தது என்று பார்ப்போம். அம்மா விழுந்த அன்று ஆம்புலன்ஸில் வைத்தியசாலைக்குப் போனபோது, அங்கிருந்தவர்கள் அவருடைய 10 இலக்க என்.எச்.எஸ். (அரச சுகாதார சேவை) எண்ணைக் கொண்டு சுருக்கப் பதிவேடு ஒன்றைத் திறந்து பார்த்திருப்பார்கள். இது ஜி.பி.யின் கணினியில் உள்ள கோப்பிலிருந்து தானாக உருவாகும் பதிவேடு. என்ன மருந்து எடுக்கிறார், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பவை அதில் இருக்கும். 2020இல் கொரோனா வந்தபிறகு, மறுப்புத் தெரிவிக்காதவர்களுக்கு முக்கியமான பழைய நோய்கள், மருந்து கொடுக்கப்பட்ட காரணம் போன்றவையும் அதில் சேர்ந்துவிட்டன. மயங்கிக் கிடக்கும் 76 வயது மனுஷியிடம் "அம்மா, என்ன குளிசை போடுகிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டுப் பதில் வராது. அந்த நேரத்தில் உயிரைக் காப்பது இந்தப் பதிவேடுதான்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் நடப்பதை நான் கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். விடுவிப்புக் கடிதம் ஒன்று தயாராகும்: என்ன நடந்தது, என்ன அறுவைச் சிகிச்சை, எந்த மருந்து புதிது, எது நிறுத்தப்பட்டது. அதன் பிரதி 24 மணி நேரத்துக்குள் ஜி.பி.க்குப் போக வேண்டும். இயன்மருத்துவர், அம்மா எத்தனை படி ஏறுவார், தனியாகக் கழிப்பறைக்குப் போவாரா என்று எழுதுவார். இவற்றோடு, வீட்டில் உதவி தேவை என்ற கோரிக்கை கவுன்சிலின் சமூகப் பராமரிப்புப் பிரிவுக்குப் போகும். அவர்கள் ஒரு பராமரிப்பு நிறுவனத்தைப் பிடிப்பார்கள். அந்த நிறுவனம் தனக்கு வந்த விபரத்திலிருந்து ஒரு பராமரிப்புத் திட்டத்தை எழுதி, வேலைக்குப் போகிறவரின் கைப்பேசிச் செயலியில் ஏற்றிவிடும். உங்கள் வீட்டு வாசலில் நின்ற பெண் பார்த்தது அதைத்தான். ஜி.பி.யின் முழுக் கோப்பை அவர் பார்த்திருக்க வாய்ப்புக் குறைவு, வீட்டுக்கு வரும் பராமரிப்பாளர்களுக்கு அந்தக் கோப்பு வழமையாகத் திறக்காது. இந்த வேறுபாட்டை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் "அம்மாவின் எல்லாமே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது" என்ற உங்கள் பயம் பெரும்பாலும் உண்மை அல்ல.

குளிசையின் பெயரும் அளவும் நேரமும் அவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். அவர்தான் அதை எடுத்துக் கையில் கொடுக்கிறார். கொடுத்ததை மருந்துப் பதிவேட்டில் நேரம் குறித்துப் பதிவு செய்கிறார், அம்மா வேண்டாம் என்று மறுத்தால் அதையும் எழுதுகிறார். என்ன குளிசை என்று தெரியாமல் ஒருவர் உங்கள் அம்மாவின் வாயில் மருந்தைப் போடுவதை நீங்களே ஏற்க மாட்டீர்கள்.

"யாரைக் கேட்டு" என்ற கேள்விக்கு வருகிறேன். அம்மாவிடம் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்களா என்று தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. அப்படி வாங்க வேண்டும் என்று சட்டம் சொல்லவும் இல்லை. இதுதான் எங்கள் ஆட்கள் பலருக்கும் புரியாத இடம். இங்கே இரண்டு சட்டங்கள் ஒன்றாக ஓடுகின்றன. 2018ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதனோடு சேர்ந்த விதிகளும், நோயாளியைப் பராமரிப்பதற்காகத் தகவலைப் பயன்படுத்தத் தனியாகச் சம்மதம் கேட்கத் தேவையில்லை என்கின்றன. இன்னொரு பக்கம், வைத்தியரிடம் சொன்னது வெளியே போகக்கூடாது என்ற பழைய பொதுச் சட்டக் கடமை இருக்கிறது. அதன்படி சம்மதம் தேவைதான். ஆனால் சிகிச்சைக்கு உடன்பட்ட ஒருவர், தனக்குச் சிகிச்சை தருகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள் என்று இயல்பாக எதிர்பார்ப்பார் என்பதால், சொல்லாமலே கொடுத்த சம்மதமாக அது எடுத்துக்கொள்ளப்படுகிறது. "வீட்டுக்கு ஆள் வந்து உதவி செய்வார்கள், சரியா?" என்று கேட்டதற்கு அம்மா தலையாட்டியிருந்தால், அந்தத் தலையாட்டலுக்குள்ளே மருந்துப் பட்டியலும் அடங்கிவிட்டது. 2015இல் வந்த சட்டம் ஒன்று இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனது: பராமரிப்புக்கு உதவும், அந்த நபரின் நன்மைக்கு என்றால், சுகாதார சேவைகளும் வயது வந்தோருக்கான சமூகப் பராமரிப்புச் சேவைகளும் தகவலைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். பகிர்வது இப்போது அவர்கள் மீதுள்ள கடமை. அம்மா வெளிப்படையாக மறுத்திருந்தால் மட்டும் கதை வேறு.

தகவலைப் பகிராவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு பழைய சம்பவம் சொல்கிறேன். 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி, பொறுப்பில் வைத்திருந்தவர்களின் சித்திரவதையால் லண்டனில் இறந்தாள். இரண்டு வைத்தியசாலைகள் அவளைப் பார்த்திருந்தன. பல கவுன்சில்களின் சமூக சேவைப் பிரிவுகளுக்கும் பொலிசுக்கும் அவளைத் தெரிந்திருந்தது. ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு துண்டு இருந்தது. துண்டுகளை ஒருவரும் ஒன்றாக வைத்துப் பார்க்கவில்லை. லோர்ட் லேமிங்கின் விசாரணை அறிக்கை 2003 ஜனவரியில் வந்தபோது நான் கோப்பு அறையில் புதியவள். எங்கள் மேலாளர் அதன் பக்கங்களைப் பிரதி எடுத்து எல்லோர் மேசையிலும் வைத்தார். ஒரு கோப்பைப் போட வேண்டிய இடத்தில் போடாமல் விட்டால் என்ன நடக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

மறுபக்கக் காவலும் இருக்கிறது. பியோனா கல்டிகொட் என்ற மனநல மருத்துவர் 1997இல் ஒரு அறிக்கை கொடுத்தார். நோயாளியின் அடையாளம் தெரியும் தகவலை எதற்காகப் பயன்படுத்துகிறாய், அது கட்டாயம் தேவையா, தேவையான மிகக் குறைந்த அளவு எது, பார்க்க வேண்டியவர் மட்டும் பார்க்கிறாரா என்று கேட்கும் ஆறு கொள்கைகள் அதில் இருந்தன. 2013இல் ஏழாவது சேர்ந்தது: பகிரும் கடமையும் காக்கும் கடமை அளவுக்கு முக்கியமானதாக இருக்கலாம் என்பது. 2020இல் எட்டாவது: தங்கள் தகவல் எப்படிப் பயன்படுகிறது என்பதை நோயாளிகளுக்குத் தெரிவிக்க வேண்டும், அவர்கள் அதிர்ச்சி அடையும்படி எதுவும் நடக்கக்கூடாது. ஒவ்வொரு என்.எச்.எஸ். நிறுவனத்திலும், கவுன்சில்களின் சமூகப் பராமரிப்புப் பிரிவிலும், 'கல்டிகொட் காவலர்' என்ற பதவியில் ஒரு மூத்த அதிகாரி இருப்பார். அந்தப் பெயரை நினைவில் வைத்திருங்கள், கடைசியில் தேவைப்படும்.

இந்த அளவுகோலை வைத்து உங்கள் வீட்டில் நடந்ததைப் பார்த்தால், எனக்கு நிச்சயமாகத் தெரிவது ஒன்று, என் அபிப்பிராயம் ஒன்று. குளிசையின் பெயர், அளவு, நேரம் ஆகியவை அந்தப் பெண்ணுக்குப் போனது சரி என்பது நிச்சயம். எதற்காக அந்தக் குளிசை என்ற காரணமும் அவருக்குத் தேவையா என்பதில் இரண்டு கருத்து இருக்கலாம். சில மருந்துகளுக்குக் காரணம் தெரிந்தால்தான் பராமரிப்பாளர் எதைக் கவனிக்க வேண்டும் என்று அறிவார். இரவில் ஒரு குளிசையை எடுத்துக் கொடுப்பதற்குக் காரணம் தேவைப்படாது என்றே நான் சொல்வேன். ஆனால் தகவல் அவரிடம் முறையாக வந்திருந்தாலும், அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதை உங்கள் முன்னால் சத்தமாகச் சொன்னது பிழை. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. மகள் என்றாலும், அம்மாவைப் பொறுத்தவரை அந்த அறையில் இருந்த இன்னொரு ஆள் நீங்கள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். மீறல் நடந்தது அந்த இடத்தில்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது உங்கள் மனதை ஆற்றும் என்று நம்புகிறேன். அமிட்ரிப்டிலின் மன அழுத்தத்துக்குக் கொடுக்கப்பட்ட பழைய மருந்து என்பது உண்மை. ஆனால் இன்றைக்கு இந்த நாட்டில் 10 மில்லிகிராம் என்ற சிறிய அளவில் அதைக் கொடுப்பது பெரும்பாலும் நரம்பு வலிக்கு. நீரிழிவால் கால் எரிகிறவர்கள், ஒற்றைத் தலைவலிக்காரர்கள், முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் வலியோடு தூங்க முடியாதவர்கள் என்று எத்தனையோ பேரின் பட்டியலில் அதைக் கண்டிருக்கிறேன். மன அழுத்தத்துக்கு என்றால் அளவு இதைவிடப் பல மடங்கு இருக்கும். ஆகவே அந்தப் பெண் செயலியில் காரணத்தை வாசித்தாரா, அல்லது பெயரைப் பார்த்துத் தானே முடிவு கட்டினாரா என்பது சந்தேகத்துக்குரியது. அம்மா எங்களிடம் இதை மறைத்தாரே என்று அழுதிருக்கிறீர்கள். அவர் எதையும் மறைக்காமலே இருந்திருக்கலாம். "அம்மா, இரவில் கால் எரிகிறதா?" என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். உண்மையிலேயே மனதுக்குத்தான் அந்தக் குளிசை என்று அவர் சொன்னால், அவரே சொல்ல விரும்பும் அளவுக்கு மட்டும் கேளுங்கள். போரையும் இடப்பெயர்வையும் கண்டு வந்த தலைமுறை. ஜி.பி.யிடம் போய் அதைச் சொல்லி மருந்து வாங்குவதற்கே அவர்களுக்குப் பெரிய துணிவு வேண்டியிருந்திருக்கும்.

இனி ஜி.பி. அலுவலகம் ஏன் உங்களுக்குச் சொல்ல மறுத்தது. எங்கள் ஊரில் டொக்டர் நோயாளியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு மகனைக் கூப்பிட்டு விடயத்தைச் சொல்வார். இங்கே தகவல் பராமரிப்பு வேலை போகிற வழியில் போகும், உறவு போகிற வழியில் போகாது. நெருங்கிய உறவினர் என்று படிவத்தில் உங்கள் பெயர் இருந்தாலும், அது யாரைத் தொலைபேசியில் கூப்பிடுவது என்பதற்கான குறிப்பு மட்டுமே. அம்மாவின் கோப்பைப் பார்க்கும் உரிமையை அது தராது. தொலைபேசியில் பேசுகிறவர் மகள்தானா என்று வரவேற்பில் இருப்பவருக்கும் தெரியாது. பிள்ளைகளுக்குள் சண்டை, வீட்டுக்குள் கொடுமை, சொத்துத் தகராறு எல்லாம் இருக்கும் குடும்பங்களையும் அவர்கள் பார்க்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே கதவுதான்.

அந்தக் கதவைத் திறக்கும் சாவி அம்மாவிடம் இருக்கிறது. நல்ல நினைவோடு இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியென்றால் வேலை சுலபம். அடுத்த தடவை ஜி.பி.யிடம் சேர்ந்து போங்கள், அல்லது அம்மா தொலைபேசியில் தன் வாயால் சொல்லட்டும்: "என் மகளோடு என் உடல்நிலை பற்றிப் பேசலாம்." அதை எழுத்தில் கொடுத்துக் கோப்பில் குறிப்பாகச் சேர்க்கும்படி கேளுங்கள். எல்லாவற்றுக்கும் சம்மதமா, மருந்துக்கும் முன்பதிவுக்கும் மட்டுமா என்று அம்மா எல்லை போடலாம். என்.எச்.எஸ். செயலியில் அவர் சார்பில் நீங்கள் நுழைவதற்கும் ஜி.பி. அலுவலகம் அனுமதி ஏற்படுத்தித் தரலாம். நாளைக்கு நினைவு தப்பும் நிலை வந்தால் என்ன செய்வது என்பதற்கு, சுகாதாரத்துக்கும் நலனுக்குமான நீடித்த அதிகாரப் பத்திரம் ஒன்று உண்டு. அதை அம்மா தெளிவாக இருக்கும்போதே எழுதிப் பதிவு செய்ய வேண்டும். வீட்டையும் வங்கிக் கணக்கையும் பற்றிய பத்திரம் வேறு, இது வேறு. ஒன்றை எழுதிவிட்டு மற்றதும் முடிந்தது என்று நினைத்தவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் நிற்பதைக் கண்டிருக்கிறேன். பத்திரம் இல்லாமல் நினைவு தப்பிவிட்டால், 2005ஆம் ஆண்டு மனத்திறன் சட்டப்படி வைத்தியர்கள் அம்மாவின் நன்மையைக் கருதி முடிவெடுப்பார்கள். உங்களைக் கேட்பார்கள், முடிவு உங்கள் கையில் இருக்காது.

ஜி.பி. உங்களுக்குச் சொல்லக்கூடாது என்பதற்காக, நீங்கள் சொல்வதைக் கேட்கக்கூடாது என்று அர்த்தமில்லை. அம்மா இரவில் தடுமாறுகிறார், சாப்பிடுவதில்லை என்று நீங்கள் சொன்னால் அதைக் கேட்டுப் பதிவு செய்வதால் எந்த இரகசியமும் மீறப்படாது. "பேச முடியாது" என்றால், "நான் கேட்க வரவில்லை, ஒரு விடயத்தைத் தெரிவிக்க வந்தேன், தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்லுங்கள். அம்மாவின் சந்திப்புகளில் நீங்களே மொழிபெயர்ப்பதை இயன்றவரை தவிருங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம். மகள் முன்னால் சொல்ல முடியாத ஒரு சொல் எந்தத் தாய்க்கும் இருக்கும், அதை இப்போது நீங்களே அறிவீர்கள்.

தகவல் வெளியே கசிவதைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறீர்கள். 19 வருடத்தில் நான் கண்ட கேடுகளில் பெரும்பகுதி, தகவல் போய்ச் சேராததால் வந்தவை. ஒரு முதியவரை மறக்க முடியாது. இரத்தம் உறையாமல் தடுக்கும் குளிசை ஒன்றை வைத்தியசாலையில் நிறுத்தி, வேறொன்றைத் தொடங்கியிருந்தார்கள். விடுவிப்புக் கடிதத்தில் சரியாகவே எழுதியிருந்தது. ஆனால் அவர் வீடு மாறி, ஜி.பி. மாறி, வைத்தியசாலையின் கணினியில் பழைய ஜி.பி.யே இருந்தார். கடிதம் அங்கே போய்விட்டது. புதிய ஜி.பி.யின் பட்டியலில் பழைய குளிசை அப்படியே கிடக்க, மருந்தகம் அதை வாராந்தப் பெட்டியில் அடைத்து அனுப்பியது. பையில் புதியது, பெட்டியில் பழையது. இரண்டையும் ஒன்பது நாள் சேர்த்துப் போட்டு, மூக்கால் இரத்தம் நிற்காமல் மறுபடி எங்களிடமே வந்தார். பிழைத்துவிட்டார். அந்தக் கோப்பை மூடும்போது கை நடுங்கியது எனக்கு. ஆகவே இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள்: விடுவிப்புக் கடிதத்தின் பிரதியை எடுத்து, அதில் உள்ள மருந்துகளையும், மருந்தகம் அனுப்பிய பெட்டியில் உள்ளவற்றையும், பராமரிப்புப் பெண்ணின் பட்டியலில் உள்ளவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒன்றாக இல்லாவிட்டால் மருந்தாளரிடம் போங்கள். அம்மாவின் சம்மதத்தோடு அவராலும் சுருக்கப் பதிவேட்டைத் திறந்து பார்க்க முடியும்.

எங்கள் பெயர்களால் வரும் சிக்கல் தனிக் கதை. தகப்பன் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால் எழுதுவது எங்கள் வழக்கம். இந்த நாட்டுப் படிவம் கடைசியில் இருப்பதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். கடவுச்சீட்டில் ஒரு வரிசை, ஜி.பி.யிடம் பதிந்தது இன்னொரு வரிசை, கல்யாணமானபின் கணவர் பெயர் மூன்றாவது. பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கும். ஒரே மனுஷிக்கு இரண்டு என்.எச்.எஸ். எண் விழுந்து, ஒரு கோப்பில் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பும் மற்றக் கோப்பில் வெறுமையும் இருந்ததை நானே கண்டுபிடித்துச் சேர்த்து வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு வந்த கடிதங்களை எடுத்துப் பெயர், பிறந்த தேதி, விலாசம், 10 இலக்க எண் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கடைசியில் நீங்கள் கேட்டிருந்தீர்கள்: "இதையெல்லாம் நிறுத்த ஒரு படிவம் இருக்கிறதாமே?" இருக்கிறது, ஆனால் அது இதற்கானது அல்ல. 2018 மே முதல் நடைமுறையில் உள்ள தேசிய விலகல் ஏற்பாடு, அடையாளம் தெரியும் தகவலை ஆராய்ச்சிக்கும் திட்டமிடலுக்கும் பயன்படுத்துவதை நிறுத்துவதற்கு. தகவல் இப்படி வேறு வேலைகளுக்குப் போய்விடும் என்ற பயம் வெறும் கற்பனை அல்ல. ஜி.பி. கோப்புகளை ஓரிடத்தில் திரட்டும் 'கெயார் டேட்டா' திட்டம், மக்களுக்கு ஒழுங்காக விளக்காததால் 2014இல் இடைநிறுத்தப்பட்டு 2016இல் கைவிடப்பட்டது. லண்டன் ரோயல் ஃபிரீ வைத்தியசாலை சுமார் 16 இலட்சம் நோயாளிகளின் விபரங்களைக் கூகுளின் டீப்மைண்ட் நிறுவனத்துக்குக் கொடுத்தது தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஒத்துப்போகவில்லை என்று 2017இல் தகவல் ஆணையர் அலுவலகம் முடிவு சொன்னது. அம்மாவுக்கு விருப்பமில்லை என்றால் விலகலாம், அதனால் சிகிச்சைக்கு ஒரு குறையும் வராது. ஆனால் அந்தப் படிவத்தை நிரப்பினாலும் பராமரிப்புப் பெண்ணின் கைப்பேசிக்கு மருந்துப் பட்டியல் போய்க்கொண்டுதான் இருக்கும். சுருக்கப் பதிவேட்டிலிருந்து விலகுவது வேறு படிவம். 76 வயதில், புதிதாக அறுவைச் சிகிச்சை முடிந்த ஒருவருக்கு அதை நான் ஒருநாளும் பரிந்துரைக்க மாட்டேன்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று, ஏனென்றால் கோவில் மண்டபத்திலும் கலியாண வீட்டிலும் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது: "டொக்டரிடம் பதிந்தால் ஹோம் ஒஃபிஸுக்கு (உள்துறை அமைச்சுக்கு) தெரிந்துவிடுமா?" 2017இல் ஒரு உடன்படிக்கை இருந்தது. குடிவரவு அதிகாரிகள் தேடும் ஆட்களின் விலாசம் போன்ற விபரங்களை என்.எச்.எஸ். தரவு அமைப்பிடமிருந்து பெற அது வழி செய்தது. வைத்தியர்களும் நாடாளுமன்றத்தின் சுகாதாரக் குழுவும் கடுமையாக எதிர்த்ததால், 2018 மே மாதத்தில் அரசாங்கம் அதை விட்டு இறங்கியது. ஆகவே பயந்தவர்கள் காரணமில்லாமல் பயப்படவில்லை. இன்றைக்கும் ஜி.பி.யிடம் பதிவதற்கு விசாவையோ கடவுச்சீட்டையோ காட்ட வேண்டும் என்று விதி இல்லை. ஆனால் வருகையாளர் விசாவில் வந்த பெற்றோருக்கு வைத்தியசாலை கட்டணம் விதித்து, 500 பவுண் அல்லது அதற்கு மேல் இரண்டு மாதத்துக்கு மேலாகக் கட்டாமல் இருந்தால், அந்தக் கடன் விபரம் உள்துறை அமைச்சுக்குப் போகும், அடுத்த விசாவைப் பாதிக்கலாம். பில் வந்தால் மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு இருக்காதீர்கள். தவணை முறையில் கட்டுவதாக எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. அந்தப் பெண்ணின் மேல் கோபத்தைக் கொட்ட வேண்டாம், காலை ஏழு மணிக்கு ஐந்தாவது வீட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும் ஒருவர் அவர். நிறுவனத்தின் மேலாளரை அழைத்து, நடந்ததைச் சொல்லி, பராமரிப்புத் திட்டத்தில் அந்தக் குளிசைக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது, அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அம்மா பக்கத்தில் இருந்து சம்மதம் சொன்னால் அவர்கள் பேசுவார்கள். காரணம் பிழையாக எழுதப்பட்டிருந்தால் திருத்தச் சொல்லுங்கள், பிழையைத் திருத்திக்கொள்வது அம்மாவின் உரிமை. "மருந்து பற்றிய பேச்சு அம்மாவோடு தனியாக" என்று திட்டத்திலேயே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். நான் வேலை செய்த காலத்தில் அப்படி ஒரு வரியைச் சேர்க்க ஐந்து நிமிடம் எடுக்கவில்லை. பதில் திருப்தி இல்லையென்றால் கவுன்சிலின் கல்டிகொட் காவலருக்கு எழுதுங்கள். அதற்கும் மேலே தகவல் ஆணையர் அலுவலகம் இருக்கிறது, ஆனால் அவர்கள் முதலில் நிறுவனத்திடம் முறையிட்டீர்களா என்று கேட்பார்கள்.

தன்னைப் பற்றி வைத்திருக்கும் எல்லாவற்றின் பிரதியையும் அம்மா கேட்டுப் பெறலாம். ஜி.பி., வைத்தியசாலை, கவுன்சில், பராமரிப்பு நிறுவனம் என்று நான்கு இடத்திலும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கட்டணம் இல்லை. வழமையாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். வைத்தியசாலைக்கு எழுதும்போது, அம்மாவின் கணினிக் கோப்பை இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை யார் யார் திறந்தார்கள் என்ற பட்டியலையும் கேளுங்கள். ஒவ்வொரு ஊழியரும் தன் அடையாள அட்டையாலோ கடவுச்சொல்லாலோ நுழைவதால் அந்தத் தடம் அங்கே பதிந்திருக்கும். ஊழியர்களின் பெயரை மறைத்துவிட்டு எந்தப் பிரிவு, எந்த நேரம் என்பதை மட்டும் தருவார்கள் போலும், சில இடங்களில் அதற்கும் இழுத்தடிப்பார்கள். விடாமல் கேளுங்கள். கடிதம் அம்மாவின் பெயரில், அம்மாவின் கையெழுத்தோடு போகட்டும். தமிழில் கையெழுத்து வைத்தாலும் செல்லும்.